சத்தத்துக்கு அடைத்த ஜன்னல்

என் மகள் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு ஜன்னல். நான்கு மாதமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன், பால் போடுகிறவரிடம் சொன்னேன், மைத்துனனிடம் போனில் இரண்டு முறை சொன்னேன். சொந்த வீடு கல்லுக்குண்டாக நிற்கும்போது ஒரு பெண் ஐந்தே ஐந்து பஸ் நிறுத்தம் தள்ளி விடுதியில் போய்த் தங்கினால் கேட்கிறவன் என்னவெல்லாம் நினைப்பான்? ஜன்னல் என்று சொன்னால் அவனுக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்காது.

அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுதானவர்கள் எல்லாம் போன் செய்வார்கள். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்கள் கொட்டுகிற எரிச்சலை எல்லாம் வாங்கிக்கொண்டு, "சரிங்க மேடம், புரியுதுங்க சார்" என்று பதில் சொல்லுவாள். ஊரான் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்பதற்குச் சம்பளம். எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தால் முதல் நாள் மத்தியானமே ஹெட்போனைக் கழற்றி எறிந்திருப்பேன்.

போகிற அன்று காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து நின்றாள்.

"அந்த ரூம்ல சத்தம் தாங்க முடியலப்பா. ஆபீஸ்ல ரெண்டு தடவை எச்சரிக்கை எழுத்துல குடுத்துட்டாங்க. மூணாவது தடவை குடுத்தா வேலை போயிடும்."

"எல்லாம் அந்தப் பாழாப்போன ஜன்னல்" என்றேன். "பஸ்ஸு லாரின்னு எல்லாம் நேரா உள்ள வருது. நான் அதைச் சரி பண்றேன். பண்ணிட்டா வந்துடுவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் அம்மாவைப் பார்த்தாள். "சத்தம் இல்லன்னா வந்துடுவேன்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஒரே பெண். அவள் இல்லாத வீட்டில் சாப்பாட்டு மேஜையின் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் என்று நான் சொல்வது எதை என்று என் மனைவிக்குத் தெரியும். எனக்கு வருத்தம் வந்தாலும் எரிச்சலாகத்தான் வரும், பயம் வந்தாலும் அப்படித்தான். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் மிஷின் ஹாலில் ஃபோர்மேனாக இருந்தவன் நான். நாலு மிஷின் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம் மை தீர்ந்துபோச்சு என்று சொல்வதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். தொழில் கொடுத்த குரல். போன வருடம் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். குரலை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

ஜன்னலுக்கு வருகிறேன். தெருவைப் பார்த்த மர ஜன்னல், இரண்டு கதவு. வீடு கட்டும்போது அந்தத் தெருவில் சைக்கிள்தான் போகும். இப்போது மூன்று தடத்துப் பஸ் போகிறது. இடது கதவின் மேல் கீல் தளர்ந்து கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வலது கதவு மழை குடித்து உப்பி, உதைத்தால்தான் திறக்கும், மூடுவதற்கு இரண்டு உதை. கீழ்ச் சட்டம் உளுத்துப்போய், பேனா முனையை வைத்து அழுத்தினால் பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு கண்ணாடியில் விரிசல். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிற இடுக்கு.

முதலில் நானே இறங்கினேன். இடுக்கில் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்தேன். ஒரு மழையில் ஊறிக் கூழாகிச் சுவரெல்லாம் மை வடிந்தது. அப்புறம் ஒரு தச்சர் வந்தார். அவர் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே, டேப்பைக் கோணலாகப் பிடிக்கிறார் என்று நான் நாலு வார்த்தை சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. அவருடைய அளவு டேப் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இரண்டாவதாக வந்தவன் ஜன்னலைப் பார்க்காமலே, "எல்லாத்தையும் பேத்துட்டு அலுமினியம் போட்டுடுங்க சார்" என்றான். நான் சொன்ன பதிலில் அவன் செருப்பை வாசலுக்கு வெளியே போய்த்தான் மாட்டினான்.

மூன்றாவதாக வந்தவரை என் மனைவி எங்கேயோ விசாரித்துப் பிடித்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். முதல் நாளே அவருக்கு ஊமைக்கோட்டான் என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

அவர் வந்து கதவைத் தட்டியபோது நான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடுவது என்றால் என் மனைவியைத் தேடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். "ஒரு பொருள் வெச்ச இடத்துல இருக்கா இந்த வீட்ல? நான் ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கணும். என் பேச்சு யார் காதுல விழுது?" என்று கேட்டுக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

"வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?" என்றேன் அவரிடம், மரியாதையாகத்தான்.

"இல்ல சார். தெருமுனையில இருந்து கேட்டுக்கிட்டே வந்துட்டேன்" என்றார்.

வழியில் ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கேட்டுக்கிட்டே என்ற வார்த்தை ரொம்ப நாள் கழித்துத்தான் என் மண்டையில் இறங்கியது.

அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் முதலில் ஒன்றுமே செய்யவில்லை. விரல் மடக்கிச் சட்டத்தை அங்கங்கே தட்டினார். தட்டிவிட்டுக் காதை மரத்தில் வைத்துக் கேட்டார். நல்ல மரத்துக்கு ஒரு ஓசை, உளுத்த மரத்துக்கு ஒரு ஓசை. உளுத்த இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"எதுக்கு அடைக்கணும் சார்?" என்றார்.

"எதுக்குன்னா?"

"காத்துக்கா, தண்ணிக்கா, சத்தத்துக்கா? மூணுக்கும் வேற வேற வேலை. காத்துக்குன்னா இடுக்கை மூடினா போதும். தண்ணிக்குன்னா கீழ்ச் சட்டத்தை வெளிப்பக்கமா சரிச்சு இழைக்கணும். சத்தத்துக்குன்னா கண்ணாடியே வேற."

"சத்தத்துக்குத்தான்யா."

"எந்தச் சத்தம் சார்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எந்தச் சத்தமா? நீ என்ன செவிடா? பஸ் போகுது, லாரி போகுது, எதிர்த்த வீட்டுக்காரன் பைக்கை உறுமவிட்டுக்கிட்டு நிக்கறான். இதுல எந்தச் சத்தம்னு ஒரு கேள்வி. நான் சொல்றது உன் காதுல விழுதா இல்லையா?"

நான் முடிக்கும் வரை அவர் மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கியவர் மாதிரி நின்றார். முடித்ததும், "விழுது சார்" என்றார். கதவைக் கீலோடு கழற்ற ஆரம்பித்தார்.

ஆறு நாள் வேலை. கழற்றிய கதவுகளை மாடிப்படிக்குக் கீழே கிடத்தி, பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்தார். அடியில் நாலு வண்ணம் இருந்தது. உளுத்த பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, அதே சாய்வுக்குப் புது மரத்தை அறுத்து, பசை போட்டுப் பொருத்தி இறுக்கிவைத்தார். முழுச் சட்டத்தையும் மாற்றியிருக்கலாம், சுலபமான வேலை. நல்ல மரத்தை எதற்குத் தூக்கிப்போடுவது என்றார். உப்பிய கதவை இழைத்து இழைத்து, ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி இழைத்தார். கண்ணாடி ஒற்றையாக இருந்த இடத்தில் இரண்டு கண்ணாடி, நடுவில் இடைவெளி விட்டு. கதவு வந்து உட்காருகிற இடம் முழுக்க ரப்பர் பட்டை.

இதெல்லாம் நடக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கீலுக்கு மூன்று திருகு போதாது நாலு போடு என்றேன். அந்தக் கீலில் மூன்று ஓட்டைதான் இருந்தது. நாலு ஓட்டை உள்ள கீலாக ஏன் வாங்கவில்லை என்று சண்டை போட்டேன். பசை காய ஒரு நாள் ஆகும் என்றார். எந்தப் பசை ஒரு நாள் காய்கிறது, என்னை என்ன கேணயன் என்று நினைத்தாயா என்று கேட்டேன். அவர் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாதவனிடம் சண்டை போடுவதைப் போலச் சலிப்பான காரியம் வேறு இல்லை. அதுவே எனக்கு இன்னும் கோபமாக வந்தது.

நாலாவது நாள் மத்தியானம் அறைக்குள் போனேன். என் மனைவி அவருக்கு டீ கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிற கதவை, அதாவது ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற கதவை, காட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து கதவுக்குக் கீழே இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"இந்தக் கதவையும் ஒரு பார்வை பாக்கச் சொன்னேங்க" என்றாள்.

"கதவுக்கு என்ன கேடு? தெருப் பக்கம் இருக்கறது ஜன்னல். கதவு ஹால் பக்கம் இருக்கு. ஹால்ல என்ன சத்தம்?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் மரத்தூளைத் தவிர ஒன்றும் இல்லை.

"சொல்லு. ஹால்ல என்ன சத்தம்?" என்று மறுபடி கேட்டேன்.

"ஒண்ணும் இல்லங்க" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆறாவது நாள் சாயங்காலம் ஜன்னல் முடிந்தது. அவர் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூடிய ஜன்னலின் ஓரமெல்லாம் நகர்த்திக் காட்டினார். சுடர் ஆடவில்லை. அப்போது ஒரு பஸ் போனது. போனதைப் பார்த்தேன், கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பெரிய பஸ் சத்தமில்லாமல் நழுவிப் போகிறது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கியது. "பரவால்ல, வேலை தெரிஞ்சவன்தான்யா நீ" என்றேன். என் வாயிலிருந்து அது வருவது அபூர்வம். அவர் தலையை மட்டும் ஆட்டினார். உளியையும் இழைப்புளியையும் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா, ஜன்னல் முடிஞ்சுது. பஸ் போறதே தெரியல. பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடு."

"ஞாயித்துக்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட் இருக்குப்பா. அன்னிக்கு அங்க வந்து வேலை பாத்துப் பாக்கறேன். சரியா இருந்தா பெட்டியைக் கொண்டு வந்துடறேன்."

"சரியா இல்லாம எங்க போகும்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இளைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். புது மரம் ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்து, "அழகா பண்ணியிருக்காருப்பா" என்றாள். கம்ப்யூட்டரை மேஜையில் வைத்து, ஹெட்போனை மாட்டி, ஹால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ஹாலில் கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். இன்றைக்கு இந்த வீட்டில் ஒரு ஈ பறக்கக்கூடாது என்று முடிவு. மின்விசிறி கிறீச்சென்றது, அதை நிறுத்தினேன். வியர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை. அப்போது பார்த்துச் சமையலறையில் என் மனைவி ஒரு மூடியைக் கீழே போட்டாள்.

"சத்தம் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றேன். "உள்ள புள்ள வேலை பாக்குறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கை பதறாம ஒரு வேலை பாக்க முடியாதா உனக்கு? நான் ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கணுமா?"

அடுத்து எதிர்த்த வீட்டுக்காரன் பைக்கை உறுமவிட்டான். வாசலுக்குப் போய் அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்து மைத்துனன் போன் செய்தான். மணி அடித்ததே என்று ஆத்திரம். எடுத்து, இப்பவா போன் பண்ணுவாங்க, மனுஷனுக்கு ஒரு இங்கிதம் வேண்டாமா என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். அப்புறம் மறுபடி வந்து உட்கார்ந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கதவு திறந்தது. ஹெட்போன் கழுத்தில் தொங்க மகள் நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது.

"இங்க வாங்கப்பா."

என்னை அவள் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினாள். "வர்ற போன் எல்லாம் பதிவாகும். இது இப்ப வந்தது. கேளுங்க."

ஒரு வயசான அம்மாள் ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள், சரிங்க மேடம், எந்தப் பக்கம் ஒழுகுதுங்க என்று கேட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் ஓர் ஆம்பளை கத்திக்கொண்டிருந்தான். வார்த்தை எல்லாம் தெளிவாகக் கேட்டது. அப்படி ஒரு காட்டுக் கத்தல். கேட்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"யாரு அது? எதிர்த்த வீட்டுக்காரனா?" என்றேன்.

"நான் ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கணுமா?" என்றது ஹெட்போன்.

ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

அந்த அம்மாள் ஃபிரிட்ஜை விட்டுவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, அங்க உன்னை யாராவது அடிக்கிறாங்களா? வாய்விட்டுச் சொல்ல முடியலன்னா வேண்டாம். சரிங்க மேடம்னு மட்டும் சொல்லு. நான் போலீஸை அனுப்பச் சொல்றேன்."

என் மகள் நாள் பூராவும் சொல்கிற வார்த்தை அது. பதிவில் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லிவிடாமல் அவள் வேறு வார்த்தை தேடுகிறாள் என்று புரிந்தது.

"இல்லங்க. எங்க அப்பாதான். கோவமெல்லாம் இல்ல. பேசிட்டிருக்கார்."

ஹெட்போனைக் கழற்றினேன். என்ன சொல்வது என்று தெரியாதபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. "நீதானே ஜன்னல்னு சொன்ன?" என்றேன்.

"நான் சத்தம்னுதான்பா சொன்னேன். ஜன்னல்னு சொன்னது நீங்க."

"பஸ் சத்தம்னு…"

"பஸ் சத்தம் எனக்குத் துணைப்பா. பஸ் போகும்போது உங்க சத்தம் பாதி கேக்காது. இப்ப ஜன்னலை அவ்வளவு நல்லா அடைச்சிட்டீங்க. நீங்க மட்டும்தான் கேக்கறீங்க."

என் மனைவி வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். அவளிடம் திரும்பினேன். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா நாலு மாசமா சும்மா இருந்த? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

கேட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மகளின் கை சட்டென்று போய் ஹெட்போனின் மைக்கைப் பொத்தியது. இணைப்பில் அப்போது யாரும் இல்லை. கை தானாகப் போனது. எத்தனை வருடப் பழக்கம் இருந்தால் ஒரு கை அப்படிப் போகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

"சொன்னா சத்தம் போடுவீங்க" என்றாள் என் மனைவி.

மகள் ஷிப்டை முடிக்காமல் கம்ப்யூட்டரைப் பையில் வைத்தாள். மிச்சத்தை விடுதியில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். "இதுக்கே மூணாவது கடுதாசி வருமான்னு தெரியல. வரக்கூடாதுப்பா. எனக்கு இந்த வேலை வேணும்." வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "ஜன்னல் நெசமாவே நல்லா இருக்குப்பா" என்றாள். அதைக் கேட்டதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

நான் மனம் மாறிப் பூப்போல ஆகிவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நாள் எனக்கு எல்லோர் மேலும் கோபம். ஊர் வம்பை எல்லாம் விசாரிக்கிற அந்த ஃபிரிட்ஜ் அம்மாள் மேல் கோபம். வாயை மூடிக்கொண்டிருந்த மனைவி மேல் கோபம். எல்லாம் தெரிந்தும் ஆறு நாள் மரத்தை இழைத்துக்கொண்டிருந்த அந்த ஊமைக்கோட்டான் மேல்தான் அதிகக் கோபம். மூன்றாவது நாள் அவரை வரச் சொன்னேன்.

"தெரிஞ்சும் ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றேன், அவர் உள்ளே வருவதற்கு முன்பே.

"நான் கேட்டேனே சார்" என்றார். "எந்தச் சத்தம்னு."

அப்போதுதான் தெருமுனையில் இருந்து கேட்டுக்கிட்டே வந்தது எனக்கு உறைத்தது. முகம் சுட்டது. ஹால் கதவைக் காட்டினேன்.

"இதை அடைக்கணும். சத்தத்துக்கு. ஹால் சத்தம் ரூமுக்குள்ள போகக்கூடாது. என்ன செய்வியோ எனக்குத் தெரியாது, ஒரு பொட்டுச் சத்தம் போகக்கூடாது."

யோசித்துப் பார்த்தால் எனக்கே அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. கதவை அடைத்துவிட்டால் அவள் வந்துவிடலாம். நான் நானாகவே இருக்கலாம். யாருக்கும் தொந்தரவு இல்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் துண்டு கொஞ்சம் சின்னதாக விழுந்ததோ என்னவோ.

இரண்டு நாள் வேலை செய்தார். கதவின் உள்பக்கம் முழுக்கக் கெட்டிப் பலகை ஒன்று அறைந்தார், நடுவில் பஞ்சுத் தாள் வைத்து. சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. கீழே இடுக்கு இருந்த இடத்தில், கதவு மூடினால் தானாக இறங்கித் தரையைத் தொடுகிற பட்டை. சாவித் துவாரத்துக்குக்கூட ஒரு மூடி. இரண்டு நாளும் நான் அவரிடம் ஒரு குறை சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஹெட்போனில் கேட்ட அந்த ஆம்பளை ஞாபகம் வந்து முழுங்கிக்கொண்டேன். முழுங்கினது எல்லாம் நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது.

முடிந்ததும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சோதிச்சுப் பாத்துடலாம் சார். காத்துக்குன்னா மெழுகுவத்தி போதும். சத்தத்துக்கு ஆள் வேணும். நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க ஹால்ல நின்னு சத்தம் போடுங்க. எந்த இடத்துல வருதுன்னு காது வெச்சுப் பாக்கறேன்."

"சரி" என்றேன்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இருமினேன். "ஹலோ" என்றேன், மைக் டெஸ்ட் செய்கிறவன் மாதிரி.

கதவு கொஞ்சம் திறந்தது. தலையை மட்டும் நீட்டி, "ஆரம்பிச்சீங்களா சார்?" என்றார்.

"என்னன்னு சொல்லிச் சத்தம் போடுறது?"

"வழக்கமா போடற மாதிரியே போடுங்க சார்."

தலை உள்ளே போனது. கதவு மூடியது. கிண்டல் இல்லை. வேலைக்காகச் சொன்னார். முப்பத்தோரு வருடம் நாலு மிஷினை அமுக்கிய குரல். அதைக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. யாரைத் திட்டுவது? எதற்கு? ஒரு காரணமும் இல்லாமல் கத்த வேண்டும் என்றபோது அவமானமாக இருந்தது. இத்தனை வருடம் எந்தக் காரணத்துக்குக் கத்தினேன் என்று யோசித்தால் மூக்குக் கண்ணாடியும் பாத்திர மூடியும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

என் மனைவி சமையலறையில் இருந்து வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிக் கையால் காட்டினாள். நகர்ந்தேன். அவள் நான் நிற்கிற இடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில், நான் நிற்பதுபோலவே ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றாள்.

"இந்த வீட்ல ஒரு வேலை ஒழுங்கா நடக்குதா?" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததுபோல் இருந்தது.

"ஒரு பொருள் வெச்ச இடத்துல இருக்கா? நான் ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கணுமா? கண்ணாடி எங்க, பேனா எங்க, டீயில சக்கரை எங்க? என் பேச்சு யார் காதுல விழுது?" எல்லாம் என் வார்த்தை. ஏற்ற இறக்கம்கூட என்னுடையது. எங்கே மூச்சு வாங்குவேனோ அங்கேயே மூச்சு வாங்கினாள். அப்புறம் அது மெல்ல அவளுடையதாக மாறியது. "யார் காதுல விழலன்னு கேக்கறீங்க? என் காதுல விழுது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் விழுது. எம் பொண்ணு காதுல விழுந்து விழுந்து அவ ஓடியே போயிட்டா. ஜன்னலாம் ஜன்னல். ஜன்னலா அவளை விரட்டுச்சு? மரத்தை இழைச்சீங்களே, கண்ணாடி மாத்தினீங்களே, இப்ப கதவு. நாளைக்குச் சுவரா? எனக்கு எம் புள்ள வேணும். மூணாவது நாற்காலியைப் பாத்தா உங்களுக்கு மட்டும்தான் எரியுதா?"

நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்காமல், போட்டது போட்டபடி இருந்த சமையலுக்குத் திரும்பிப் போனாள்.

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"கேட்டுச்சா?" என்றேன். எனக்கே காதில் விழாத குரலில் கேட்டேன்.

"கேட்டுச்சு சார். ஒரு வார்த்தை விடாம."

அவர் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். பட்டை தானாக இறங்கித் தரையைத் தொட்டது. ரப்பர் எங்கும் பிதுங்காமல் பொருந்தியிருந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை.

"கதவுல இதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார்.